ஆயி என்றால்

நானும் தங்கையும் காட்பாடி ஸ்டேஷனில் நின்றிருந்தோம். மும்பை ரயிலிலிருந்து இறங்கிய ஒரு குழந்தை, "ஆயீ" என்று அழுதது.

தங்கையை இரண்டு வயதில் புனேயிலிருந்து தத்தெடுத்து ஆம்பூருக்குக் கொண்டுவந்தபோது அவளும் இப்படித்தான் அழுதாள். எங்கள் பக்கம் வெளிக்கு வந்தால் குழந்தைகள் சொல்லும் சொல் அது. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு தோல் தொழிற்சாலை வாடை அடிக்கும் கொல்லைக்கு ஓடி, உட்காரவைத்துக் காத்திருப்பாள். அழுகைதான் ஜாஸ்தியாகும்.

புனேயில் இருந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு நஸீமா சில மாதங்கள் கழித்துச் சொன்னாள்: "அக்கா, அவுங்க பாஷைல ஆயின்னா அம்மா."

அடுத்த முறை தங்கை "ஆயீ" என்றதும் அம்மா, "இன்னாம்மா?" என்று கையை நீட்டினாள். தங்கை கொல்லையைக் காட்டினாள்.

இப்போது ஸ்டேஷனில் தங்கை என் தோளைத் தட்டினாள். "பாவம், அந்தக் கொழந்தைக்கு அவசரம்போல. பாத்ரூம் எங்கன்னு அவங்களுக்குச் சொல்லு."