நாலு மணிக்கு வாங்க, பாக்கலாம்

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். வேலை கேட்டாலும், பெண் கேட்டாலும், பக்கத்துக் காட்டில் வழி கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "பாக்கலாங்க." கேட்டவர் புரிந்துகொண்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். "நாளைக்கு வாங்க, பாக்கலாம்" என்றால் இன்னும் கெட்டியான 'முடியாது' என்று அர்த்தம். அதற்குப் பிறகும் போய் நிற்பவனை ரோசம் கெட்டவன் என்பார்கள். திருப்பூரில் பிறந்த எனக்கு இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, தானாகவே தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

எண்பதுகளின் கடைசியில் நானும் என் நண்பனும் கோயம்புத்தூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அப்பாவின் பனியன் கம்பெனி இருந்தது. அவனுக்கு ஒரு அண்ணன் இருந்தார். தம்பி டாக்டராக வேண்டும் என்று தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மிஷினில் நின்றவர். நாங்கள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அந்த மிஷின் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டது. யாரோ ஒருவர் விரல்களைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அவற்றை வைத்துத் தைக்கத் தெரிந்தவர் அன்று எங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. அந்தத் துணிப்பொட்டலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் என் நண்பன் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அதிலிருந்து அவனுக்கு ஒரே நினைப்புதான். அறுந்த விரலை மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள் என்று நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தான். ஸ்வீடனில் ஒரு ஆஸ்பத்திரியில் அதற்கென்றே தனி வார்டு இருப்பதும், மருத்துவ மாணவர்களை நாடு விட்டு நாடு மாற்றி அனுப்பும் திட்டத்தில் அங்கே ஒரு மாதம் இருக்கலாம் என்பதும் அவன் கண்டுபிடித்ததுதான். அவர்கள் ஆள் ஒருவர் இங்கே வந்தால் நம் ஆள் ஒருவர் அங்கே போகலாம். வருடம் ஒருமுறை எல்லா நாட்டு மாணவர்களும் ஒரு ஊரில் கூடி, மேசை மேசையாக உட்கார்ந்து இந்த இடங்களைப் பேசி முடித்துக்கொள்வார்கள். இவன் எங்கள் கல்லூரியில் அதற்கு ஒரு சங்கம் சேர்த்து, தானே செயலாளராகி, வெளிநாட்டு மாணவர்களைத் தங்கவைக்க அனுமதி வாங்கி, ஒன்றரை வருடம் கடிதம் எழுதினான். எங்கள் அப்பா ஆபீசில் வெளிநாட்டுக்குச் செய்தி தட்டி அனுப்பும் டெலக்ஸ் மிஷின் இருந்ததால் அந்த நம்பரையே சங்கத்தின் நம்பராகக் கொடுத்திருந்தோம். சனிக்கிழமை தோறும் அவன் வந்து உட்கார்ந்து தட்டுவான்.

மாநாடு அந்த வருடம் ஜெர்மனியில். போகவேண்டியவன் அவன். போனது நான். காரணம் எளிது. அதே வாரத்தில் அப்பா எங்கள் பனியனை வாங்கும் பையரைப் பார்க்க அதே ஊருக்குப் போகிறார், என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, டிக்கெட் ஒரு பொருட்டில்லை. அவன் ஒரு தாளில் ஆறு இடங்களை டைப் அடித்துக் கொடுத்தான். முதல் இடத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். "மத்ததெல்லாம் ஒப்புக்குடா. இது ஒண்ணக் கேட்டு வாங்கிட்டு வந்துரு, போதும்" என்றான். அடுத்த வருடம் நாங்கள் படிப்பை முடித்துவிடுவோம், திட்டமோ மாணவர்களுக்கு மட்டும். இதுதான் அவனுக்கு முதல் வாய்ப்பு, கடைசி வாய்ப்பும் இதுதான்.

நான் ஒரு டஜன் பனியனைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சாம்பிள் கொடுத்துப் பேசுவதுதானே எங்கள் வழக்கம். பெரிய மண்டபம், ஒவ்வொரு மேசையிலும் சின்னக் காகிதக் கொடி. முதலில் ஏதோ ஒரு நாட்டு மேசையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் நான் பேசி முடிக்கும் முன்பே "நோ" என்றாள். பனியனையும் வேண்டாம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தவனிடம் இப்படியா பேசுவது என்று உள்ளுக்குள் பொருமினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருந்த வயது. இன்றைக்கும் ரொம்ப இறங்கிவிடவில்லை.

அந்தக் கோபத்தோடேயே ஸ்வீடன் மேசைக்குப் போனேன். ஒல்லியான ஒரு பையன், எங்கள் வயதுதான், முகமெல்லாம் செம்புள்ளி. நண்பன் எழுதிய கடிதங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். கேட்டேன். அவன் கடிதங்களைப் புரட்டினான், கடிகாரத்தைப் பார்த்தான், எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, "பார்க்கிறேன். நாலு மணிக்கு வாருங்கள்" என்றான்.

இதைவிட அந்தப் பெண்ணே தேவலை என்று தோன்றியது. சிரித்த முகம், 'பார்க்கிறேன்', அதற்கு மேல் ஒரு நேரம் வேறு. எங்கள் ஊர் நூல் கமிஷன்காரர் ஒருவர் சட்டைக்காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டேன். தாளில் மீதி இருந்த இடங்களிலும் கேட்டேன். மனம் ஒட்டவில்லை. அவர்களும் தரவில்லை.

மூன்றரை மணிக்கு நான் அந்த மண்டபத்திலேயே இருந்தேன். அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. ஸ்வீடன் மேசை நாற்பது அடி தூரத்தில் இருந்தது. அந்தப் பையன் அங்கே இல்லை. எங்கோ எழுந்து போயிருந்தான். என்னைத் தவிர்க்கத்தான் போயிருக்கிறான் என்று நினைத்தேன். நாலு மணிக்குப் போய் நின்று இன்னொரு தரம் அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்கு எனக்கு என்ன தலையெழுத்தா? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டிராம் ஏறி, அப்பா தங்கியிருந்த ஓட்டலுக்குப் போய்விட்டேன்.

அப்பா அப்போதுதான் பையரைப் பார்த்துவிட்டு வந்து, கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் நையாண்டியாகவே சொன்னேன். அப்பா கப்பைக் கீழே வைத்தார்.

"எத்தன மணிக்கு வரச் சொன்னான்?"

"நாலு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"கண்ணு, அவிங்க பாக்கறேன்னு சொன்னா பாப்பாங்க. நம்மளாட்ட இல்ல. ஓடு."

தானும் ஒருமுறை இப்படி ஒரு ஆர்டரை விட்ட கதையைப் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். நான் ஓடினேன். டிராம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிதானமாக நின்றது. ஒரு கிழவி குழந்தை வண்டியை இறக்கும்வரை நின்றது. ஆகஸ்டு வெயில் நடுமத்தியானம் போலவே அடித்துக்கொண்டிருந்ததால் நேரம் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மண்டபத்துக்குள் நுழைந்தபோது கொடிகளை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தான். ஐந்து மணிவரை வைத்திருந்தேனே என்றான். மூன்று மணிக்கு மேல் போன் பூத்துக்குப் போய், அந்த வார்டுக்கே பேசி, அனுமதி வாங்கியிருக்கிறான். நான் வராததால், எனக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று வேறு நாட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டான். நம்ப முடியாமல் நின்ற எனக்குப் படிவத்தை எடுத்துக் காட்டினான். எங்கள் கல்லூரியின் பெயர், ஜூலை மாதம், கை அறுவை சிகிச்சை வார்டு, எல்லாம் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தது. அதன் மேல் ஒரே ஒரு கோடு, மேலே வேறு ஊரின் பெயர். நான் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கெஞ்சினேன். அவன் இந்த முறை சிரிக்கவில்லை. முடியாது, மன்னிக்க வேண்டும் என்று நேராகச் சொன்னான்.

திரும்பும் வழி முழுக்க நண்பனிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நடந்தது நடந்தபடி சொல்வதாகத்தான் முடிவு செய்திருந்தேன். மெட்ராஸ் ரயில் விடிகாலையில் திருப்பூருக்குள் நுழைந்தபோது அவன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தான். என் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். டீக்கடைக்குப் போகும்வரை எதையும் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் வேறு வேலை பார்த்தது.

"இல்லைன்னுட்டாங்கடா" என்றேன். "மூஞ்சிக்கு நேரா."

அவன் டீயை ஆற்றி முடித்தான். பிறகு என் தோளைத் தட்டி, "உட்றா. அவ்வளவு தூரம் போயிக் கேட்டயே, அதே பெருசு" என்றான். நான் டீயை அப்படியே வைத்துவிட்டுக் காசு கொடுக்க எழுந்தேன்.

அடுத்து வந்த இரண்டு சனிக்கிழமைகளும் நான் ஆபீசில் டெலக்ஸ் மிஷின் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். ஸ்வீடன்காரனிடமிருந்து ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். மிஷின் கடகடவென்று அடிக்கத் தொடங்கினால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் ஷிப்மெண்ட் எப்போது என்று கேட்டு வரும் செய்திகள்தான். மூன்றாவது சனிக்கிழமை சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். டெலக்ஸ் இருந்த கண்ணாடி அறைக்குள் அவன் நின்றுகொண்டிருந்தான். சங்கத்தின் செயலாளருக்கு என்று வந்திருந்ததை ஆபரேட்டர் மிஷினிலிருந்து கிழித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நல்ல மனதோடு அனுப்பிய செய்தி அது. உங்கள் பிரதிநிதிக்காக ஐந்து மணிவரை காத்திருந்தேன், வார்டில் இடம் வாங்கியும் வைத்திருந்தேன், அவர் வராதது வருத்தம், அடுத்த ஆண்டு அவசியம் கேளுங்கள். அவ்வளவுதான். நண்பன் அதை இரண்டாக மடித்து என் முன்னால் வைத்தான்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் பாக்கலாம்னுதான்டா சொன்னான், நாலு மணிக்கு வான்னு சொன்னான், நம்மூர்ல அப்படிச் சொன்னா என்னடா அர்த்தம் என்று கேட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அது தப்பில்லீங்க" என்றான். "நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்."

எனக்கு முதலில் அந்த 'ங்க' காதில் விழவில்லை.

"மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொன்னாங்கன்னு டீக்கடைல சொன்னீங்களே, அது யாரு சொன்னதுங்க?"

அவன் சட்டைப்பையில் பேனாவைச் சொருகிக்கொண்டு, "வரட்டுங்களா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

ஐந்து வருடம் வாடா போடா என்றிருந்தவன் அன்றிலிருந்து என்னை வாங்க போங்க என்றான். ஒரு சண்டை கிடையாது, ஒரு கடுஞ்சொல் கிடையாது. நாங்கள் இருவரும் விளையாடுகிறோம் என்று நினைத்து விடுதியில் மற்றவர்கள் சிரித்தார்கள். திட்டினால் திருப்பித் திட்டலாம். மரியாதையைத் திருப்பி என்ன செய்வது? பயிற்சிக் காலம் முழுவதும் ஒரே வார்டில், ஒரே நோயாளியின் இரண்டு பக்கமும் நின்று, "அந்தக் கத்திரியக் கொஞ்சம் எடுங்க" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் டவுனில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்தேன். அவன் அறுவை சிகிச்சை படித்து, முதலிபாளையம் போகும் வழியில் சின்னதாக ஒரு கிளினிக் நடத்திவந்தான். மிஷினில் கை கொடுத்தவர்கள் நேராக அவனிடம்தான் போவார்கள். தானாகவே படித்து, வெறும் லென்சைக் கண்ணில் மாட்டிக்கொண்டு முடிந்ததைத் தைப்பான். நான் கைக்கென்று ஒரு வார்டு தொடங்கி, வெளிநாட்டு மைக்ராஸ்கோப் ஒன்றும் வாங்கிவிட்டு அவனிடம் போனேன். வந்து பொறுப்பேற்றுக்கொள் என்று கேட்டேன். அந்த ஜூலை மாதத்துக்கு ஈடாக எதையாவது கொடுத்துவிட முடியும் என்று நிஜமாகவே நம்பினேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "பாக்கலாங்க" என்றான்.

காருக்குத் திரும்பி நடந்தேன். கதவைத் திறந்தவன் மூடிவிட்டு மறுபடி உள்ளே போனேன். "எப்பங்க வரட்டும்?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் யாரும் கேட்காத கேள்வி அது. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நாளைக்கு நாலு மணிக்கு வாங்க, பாக்கலாம்" என்றான்.

மறுநாள் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே போனேன். அண்ணன்தான் வாசலில் டோக்கன் கொடுப்பவர். என்னைத் தெரிந்தும் தெரியாதவர்போல இடது கையால் ஒரு டோக்கனை எடுத்து நீட்டினார். பதினேழு. கட்டுப்போட்ட கைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலரை ஆனது, ஐந்து ஆனது. டோக்கன் பதினேழைக் கூப்பிடவில்லை, பதினெட்டைக் கூப்பிட்டார்கள். முன்பு என்றால் எழுந்து போயிருப்பேன். நான் காத்திருப்பது அவனுக்குத் தெரியும் என்றும், எழுந்து போகிறேனா என்று பார்க்கிறான் என்றும் தோன்றியது. உட்கார்ந்தே இருந்தேன்.

ஆறு மணிக்கு மேல் பெஞ்சு காலியானதும் அவனே வெளியே வந்தான்.

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

"நாலு மணிக்கு."

அவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். பிறகு வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

"என்னால வர முடியாதுடா" என்றான்.

நான் கேட்டு வந்தது கிடைக்கவில்லை. ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. டோக்கனை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரிடா" என்றேன்.