மூக்கால் பேசிய முசியே

நர்ஸ் வேலையில் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது வாரம். மயங்கி வருகிற நோயாளிக்கு முதலில் மூச்சுப்பாதை, அப்புறம் மூச்சு, நாடி, சர்க்கரை, நினைவு என்று வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அன்று காலை லாஸ்பேட்டையிலிருந்து ஒரு பெரியவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்; தெருவில் எல்லாரும் பிரெஞ்சு வழக்கப்படி 'முசியே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்களாம். மனைவியிடம் கோபித்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாராம், அப்படியே சாய்ந்துவிட்டார். அந்த அம்மா பிளாஸ்க்கோடு கட்டிலை நெருங்கினார்.

"ஒரு வாய் காபி ஊத்துனா எழுந்துடுவாரு சிஸ்டர்."

"மயக்கத்துல ஊத்துனா நுரையீரலுக்குப் போயிடும்மா. வெளிய இருங்க."

அந்த அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். வாய்க்குள் பல்செட் ஆடிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் போய்விடக் கூடாதே என்று கழற்றி டப்பாவில் போட்டேன். எச்சிலை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் மாஸ்க் வைத்து, விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார்.

சிறிது நேரத்தில் கண் திறந்தது. நான் காதருகே குனிந்து கத்தினேன்.

"ஐயா! உங்க பேரு என்ன? எங்க இருக்கீங்க?"

"மே தாம்," என்றார் மூக்கால். "மே தாம்!"

மேடம் என்று என்னை மரியாதையாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்து வந்ததெல்லாம் ஒரே முனகல். மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தார். கையைப் பிடித்துக் கீழே வைத்தேன். மறுபடி பிடுங்கினார், மறுபடி வைத்தேன். 'அர்த்தமற்ற ஒலிகள், அமைதியின்மை' என்று பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "சுகர் ஏறிடுச்சு. பேச்சு ஏன் தெளியல? தலைக்கு ஸ்கேன் எடுத்துடலாம். வீட்டுக்காரங்கள கூப்பிடும்மா."

அந்த அம்மா கலங்கிய கண்ணோடு உள்ளே வந்தார். பெரியவர் அவரைப் பார்த்ததும் மூச்சுவிடாமல் என்னவோ முனகினார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் மாறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று தோளைத் தொட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிரெஞ்சுல திட்டறாரு சிஸ்டர்! மே தாம்னா என் பல்லு. பல்லத் திருடிட்டு, கையையும் புடிச்சி அமுக்குறாளாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பெரியவரை நிமிர்த்தி உட்காரவைத்து, பல்செட்டைக் கழுவிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார், இரண்டு முறை கடித்துப் பார்த்தார். பிறகு சுத்தமான தமிழில் பெயர், ஊர், கிழமை எல்லாம் சொன்னார். டாக்டர் ஸ்கேனை நிறுத்திவைத்து, மணிக்கொரு தரம் சர்க்கரை பார்க்கச் சொன்னார்.

"இத முன்னாடியே தமிழ்ல சொல்லியிருக்கலாமே ஐயா?" என்றேன்.

"பல்லு இல்லாம தமிழ் பேசிப் பாரு, எல்லாம் காத்தாப் போவும். பிரெஞ்சுக்கு மூக்கு போதும்."

பதிவேட்டில் எழுதியதை ஒரே கோடாக அடித்துத் திருத்தும்போது காது சுட்டது. அவர் விஷயத்தில் எது இயல்பு, எது இல்லை என்று தெரிந்த ஒரே ஆளை நான்தான் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடும்மா. காபிய ஊத்த விடாம தடுத்தியே, அது போதும்."

"வேற என்னம்மா சொன்னாரு என்னை?"

தயங்கினார். "மீன் விக்கிறவ மாதிரி கத்துறாளாம்."

"எங்கம்மா மீன்தான் விக்கிறாங்க ஐயா, வைத்திக்குப்பத்துல," என்றேன் கட்டில் பக்கம் திரும்பி.

பெரியவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி மயங்கிவிட்டாரோ என்று பதறி நாடியைப் பிடித்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இப்ப வஞ்சிரம் வருதா?"

'நினைவு தெளிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.