குளியலறைத் தரையில் நான் ஒட்டிய நீலம்

என் வீட்டுக்காரர் டைல்ஸ் மேஸ்திரி. தாராவியிலிருந்து செம்பூர் வரை எத்தனையோ வீடுகளின் சமையலறையும் குளியலறையும் அவர் கைபட்டவை. ரயிலில் போகும்போது ஏதாவது கட்டடத்தைக் காட்டி, "அந்த மூணாம் மாடி நான் போட்டது" என்பார். வெளியிலிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும். இருந்தாலும் நானும் எட்டிப் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வந்து, கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்துவிட்டார். வாளி நிறையக் கட்டைவிரல் நகம் அளவில் நீலக் கண்ணாடிச் சில்லுகள்.

விஷயத்தை அவர் வாயிலிருந்து பிடுங்க அரைமணி நேரம் ஆனது. மாட்டுங்காவில் ஓர் அம்மா, பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஷவருக்குக் கீழே தரையில் பதிக்க மொசைக் வாங்கி வைத்திருந்தார். சில்லுகளை வலையில் ஒட்டி, ஓரடிச் சதுரத் தாளாக வரும். பாய் போல வளையும். கதவுப் பக்கம் வெளிர்நீலத்தில் தொடங்கி, தண்ணீர் போகும் ஓட்டையருகே கருநீலமாக முடியவேண்டும். இவர் என்ன செய்தார்? இருபது வருஷமாக எல்லா டைலையும் ஊற வைத்ததுபோல இதையும் தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டார். ஊறாத டைலை அவர் கை தொடாது. பிறகு தூக்கிப் பார்த்தால் வலை மட்டும் கையோடு வந்திருக்கிறது. பசை கரைந்து, ஆறு தாள்களின் சில்லுகளும் டிரம்முக்கு அடியில்.

"அந்த ஷேடு இனிமே வராதுன்னு கடைக்காரன் கைய விரிச்சிட்டான். அந்தம்மா நாலு நாள்ல பூனாலேர்ந்து வந்துருவாங்க. அவங்க சொல்லித்தான் அந்த பில்டிங்கே என்னையக் கூப்பிடுது. இனி எவன் கூப்பிடுவான்?" என்றார்.

நான் செய்வது கல் ஒட்டும் வேலை. துப்பட்டாவிலும் லெஹங்காவிலும் மினுங்குகிற சின்னக் கற்கள் இருக்கின்றனவே, அது. கற்களை முதலில் அச்சில் அடுக்குவோம். மேலே பசைத்தாளை அழுத்தி மொத்தமாகத் தூக்கித் துணிமேல் வைப்போம். இஸ்திரி போட்டதும் கல் துணியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மேல்தாளை உரித்துவிட வேண்டியதுதான். வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குப் பளிச்சென்று பட்டது. வலை அடியில் இல்லாவிட்டால் என்ன, மேலே டேப் ஒட்டித் தூக்கலாமே!

சொன்னேன். மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "துப்பட்டாவும் தரையும் ஒண்ணாட்டி? சும்மா கெட."

"தண்ணியில போட்டது நீங்க. கரையேத்தலாம்னு பாக்குத எம்மேல ஏன் பாயுதிய?" என்று நானும் விடவில்லை. "ஒரு லெஹங்காவுல எத்தன கல்லுன்னு என்னைக்காவது பாத்திருக்கியளா? ஒண்ணு கோணினாலும் வேல குடுக்குற சேட்டு திருப்பி அனுப்பிருவான். எனக்கு இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல."

அவர் வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். மறுநாள் காலை நானும் அவரோடு மாட்டுங்காவுக்குப் போனேன்.

முதலில் அடுக்கிய தாளில் டேப் ஒட்டவே இல்லை, சில்லுகளில் ஈரம். உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பழைய புடவைத் துணியால் துடைத்துக் காயவைத்தேன். நனையாத தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் இடைவெளி அளவுக்கே பலகையில் அடுக்கினேன். நீலத்தில் இத்தனை நீலமா என்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் வெளிர்க் கல்லையும் கொஞ்சம் வெளிர்க் கல்லையும் பிரித்துப் பழகிய கண் எனக்கு. மேஸ்திரி எடுத்து வைத்ததில் பாதியை நான் மாற்றி வைத்தேன். முறைத்தார். மறுபடி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அடுக்கி முடித்ததும் மேலே டேப்பை அழுத்தி ஒட்டினேன்.

பிறகு அவர் வெள்ளைக் கலவையைப் பரப்பிப் விளிம்பில் பல் வெட்டிய கொத்துக்கரண்டியால் கோடு இழுத்தார். நான் தாளை இரண்டு கையாலும் ஏந்திப் படுக்கவைத்தேன். அவர் கட்டையால் தட்டினார். தரை ஓட்டையை நோக்கிச் சரிந்த இடத்தில் தாளும் கூடவே சரிந்தது. மறுநாள் டேப்பை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தேன். ஒரு சில்லுகூட அசையவில்லை. இடுக்குகளை வெள்ளைப் பூச்சால் அடைத்துத் துடைத்ததும், கதவிலிருந்து ஓட்டை வரை நீலம் ஒரே ஓட்டமாக ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வேலை இதுவரை யார் யாரோ கல்யாணத்துக்கு உடுத்திப் போன துணியில்தான் இருந்தது. ஒன்றையும் நான் மறுபடி பார்த்ததில்லை.

அந்த அம்மா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து தரையைத் தடவினார். "எங்க ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கறதுன்னே தெரியலையே! பிரமாதமாப் பண்ணிட்டேள்," என்று அவரைப் பார்த்துச் சொன்னார். வாளியும் துணியுமாக நின்ற என்னைத் துடைக்க வந்தவள் என்று நினைத்திருப்பார். இவர் சிரித்துக்கொண்டே ஆமாம் போட்டுவிடுவார் என்றுதான் நானும் இருந்தேன்.

"நான் தண்ணியில போட்டுக் கெடுத்துட்டேம்மா, எல்லாம் கழண்டு போச்சு," என்றார் அவர். "இவதான் ஒவ்வொண்ணா எடுத்து அடுக்குனா."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவரிடமே, "உள்ரூம் பாத்ரூமுக்கும் இதே மாதிரி போடணும். எப்போ வருவேள்?" என்று கேட்டார்.

"அத மேஸ்திரிகிட்ட கேளுங்க," என்று என்னைக் காட்டினார்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "திங்கக்கெழம வாரேம்மா," என்றேன்.