சமையலறைக்குக் கீழே ஒரு கிணறு

கீழ்வேளூர்ப் பக்கம் உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், இன்ஜினியர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். பெட்ரோலியம் என்ற சொல்லைச் சேர்த்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவள் வயலில் துளை போடும் படிப்புக்குப் போனதை என் சித்தப்பா இன்றுவரை மன்னிக்கவில்லை. உண்மையில், பாலைவனத்திலும் கடல் நடுவிலும் பல வருடங்கள் வேலை பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியபோது எனக்குக் கிடைத்தது துளை போடும் வேலை அல்ல. எப்போதோ தோண்டி, பயனில்லை என்று சிமென்ட் ஊற்றி மூடிய எண்ணெய்க் கிணறுகள் மூடியபடியே இருக்கின்றனவா என்று பார்த்து எழுதும் வேலை. ஆபீசில் யாரும் கேட்டு வாங்காத வேலை.

ஓர் ஐப்பசி மாதம், சம்பா நடவு முடிந்து வயல்களில் தண்ணீர் நின்ற சமயம், வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போனேன். வயல் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு சிமென்ட் மேடை, அதில் கிணற்றின் எண் பொறித்த இரும்புத் தகடு. உடன் வந்த டெக்னீஷியன் கேஸ் மீட்டரை நாலு பக்கமும் பிடித்துப் பார்த்தார். பூஜ்யம். குறித்துக்கொண்டு கிளம்பத் தயாரானோம்.

வரப்பில் ஒரு அம்மா சொம்பும் டம்ளருமாக வந்தார். அறுபது வயதிருக்கும். சற்றுத் தள்ளித் தெரிந்த புது மாடி வீடு அவருடையது.

"கேஸ் வருதான்னு பாக்குறீங்களாம்மா?"

"ஆமாம்மா. ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க."

"இங்க இருக்காது," என்றார் மோரை ஊற்றியபடி. "எங்க அடுப்பங்கரைலதான் இருக்கு."

இப்படிச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மோர் கொடுத்தவரிடம் முகம் முறிக்க வேண்டாமே என்று, டெக்னீஷியனை அங்கேயே விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தேன்.

வாசலில் அவர் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஒரு காது மந்தம். "இவளுக்கு ஆறு வருஷமா இதே பேச்சு," என்று சிரித்தார்.

சமையலறை பளிச்சென்று இருந்தது. அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா அரிசி டிரம்மை நகர்த்தி மூலையைக் காட்டினார். டைல்ஸ் இடுக்கில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"வயல்ல தண்ணி நிக்கிற வரைக்கும் இதுலேருந்து சத்தம் கேக்கும். அறுப்பு ஆனதும் நின்னுடும். இந்த மூலைல ஒரு எறும்பு வந்ததில்ல பாருங்க. சக்கர டப்பாவ மூடாமலே வெப்பேன்."

டப்பா திறந்துதான் இருந்தது. நான் மண்டியிட்டுத் தரையில் காது வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வெகு ஆழத்தில் யாரோ வாய் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். நின்றது. மறுபடி வந்தது.

"பாத்திரம் வெச்சா நின்னுடும்," என்று ஒரு பித்தளைக் குண்டானை விரிசலுக்குப் பக்கத்தில் வைத்தார். நின்றது. எடுத்தார், வந்தது. நானே வாங்கி வைத்துப் பார்த்தேன். தற்செயல் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் நின்றது.

எழுந்தேன். ஜன்னல் வழியாக டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். சமையலறை நிலைப்படி வரை மீட்டர் சும்மா இருந்தது. மூலையை நெருங்க நெருங்க எண்கள் ஏறின. விரிசல் மேல் பிடித்ததும் அலற ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. சட்டென்று எட்டி அணைத்தேன். சத்தம் கேட்டு உள்ளே வந்த ஆசிரியர், புழுக்கமாக இருக்கிறதென்று சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"ஃபேனப் போடாதீங்க சார். எதையும் தொடாம வெளியில வாங்க."

"சிலிண்டர் லீக்கா? வாசனையே இல்லையே."

சிலிண்டர் கேஸில் வாசனைக்கென்றே ஒன்றைக் கலக்கிறார்கள். மண்ணுக்கடியிலிருந்து நேராக வருவதற்கு அது கிடையாது. தண்ணீர் நிற்கும்போது குமிழி விட்டுச் சத்தம் போடும். கோடையில் சத்தமில்லாமல் வரும். நின்றுவிட்டது என்று அந்த அம்மா நிம்மதியாக இருந்த மாதங்களிலும் அது வந்துகொண்டுதான் இருந்திருக்கும். இதை அவரிடம் அன்று சொல்லவில்லை.

இருவரையும் பேராவூரணியில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆபீஸ் போய்ப் பழைய கோப்பை எடுத்தேன். நடுவில் ஒரு தாளில் இரண்டே வரி. முதலில் தோண்டிய துளையில் குழாய் சிக்கிக்கொண்டதால் அதை மூடிவிட்டு, துளையிடும் ரிக்கை அறுபது மீட்டர் நகர்த்தி இரண்டாவது துளை போடப்பட்டது. முதல் இடம் சமன் செய்யப்பட்டு நில உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வளவுதான். கிணற்றின் எண் இரண்டாவதற்குப் போய்விட்டது. முதலாவது எந்த வரைபடத்திலும் இல்லை. எழுதியவர் யாரென்று தெரியவில்லை. கையெழுத்து நிதானமாக, அழகாக இருந்தது. சாயங்காலம் வேனுக்கு நேரமாகிவிட்டதென்று நானும் இப்படி இரண்டு வரிகள் எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம், பொறி பறக்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தரையை உடைத்தார்கள். ஆளுயர ஆழத்தில் அறுத்து மூடிய இரும்புக் குழாய் இருந்தது. மூடி துருவேறி ஓரத்தில் அரித்திருந்தது. குழியில் ஊறிய சேற்றுத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக மெல்லக் கொப்பளித்தது. குழாய்க்குள் கருவிகளை இறக்கித் துப்புரவு செய்து புதிதாக சிமென்ட் ஏற்ற மூன்று வாரங்கள் ஆயின. சமையலறை இருந்த பகுதியை இடித்தோம். முன்பக்கம் வேறு சமையலறை கட்டிக் கொடுக்கப்பட்டது.

தை முடிவதற்குள் அவர்கள் திரும்பி வந்தார்கள். மாதத்துக்கொரு முறை போய் அளக்கிறேன். எப்போதும் பூஜ்யம்தான். மூன்றாவது முறை போனபோது அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. அந்த அம்மா என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார்.

"இப்ப இங்க கேக்குதும்மா."

அரை நாள் அந்த மனை முழுவதையும், சுற்றியுள்ள மூன்று வயல்களையும் விடாமல் அளந்தேன். மீட்டரை மாற்றியும் அளந்தேன். எதுவும் இல்லை என்றேன்.

"நீங்க சொன்னா சரி," என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. வண்டி வரை கூட வந்தார். "இந்த மாதிரி இன்னும் எத்தன இருக்கும்மா?"

"ஃபைல்ல இருக்கிறதெல்லாம் பாத்துட்டு வரோம்மா."

"ஃபைல்ல இல்லாதது?"

டிரைவர் வண்டியை எடுக்காமல் எனக்காகக் காத்திருந்தார். நாங்கள் நின்ற இடத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை ஒரே மட்டமாக வயல். எந்த இடமும் இன்னொரு இடத்திலிருந்து வித்தியாசமாகத் தெரியவில்லை. தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கொட்டகை ஓரமாக வரும் பாதையை விட்டு, வயலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்.