சாஸ்திரிகளின் சட்டைப் பை

கதர் உடுத்த ஆரம்பித்த பிறகுதான் என் உடம்பு எத்தனை இடத்தில் மடங்குகிறது என்பது எனக்குத் தெரிய வந்தது. காலையில் கரமனை அக்ரஹாரத்திலிருந்து புறப்படும்போது தேசத்தொண்டன் மாதிரி இருப்பேன். நான் வேலை பார்க்கும் சர்க்கார் கச்சேரிக்குப் போய்ச் சேர்வதற்குள் யாரோ பிழிந்துவிட்டு உதற மறந்த துணி மாதிரி ஆகிவிடுவேன். எதிர்மேஜை குமாஸ்தா தினமும் என்னை ஏற இறங்கப் பார்த்து, ராத்திரி ஆற்றங்கரையிலேயே படுத்துவிட்டீரா என்று அக்கறையோடு விசாரிப்பார்.

முப்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. கையால் செய்த பொருள் மட்டுமே இனி என்னைத் தொடலாம் என்று நான் தீர்மானித்திருந்தேன். சீமைத் துணிக் குடையைத் தானம் கொடுத்துவிட்டு ஓலைக்குடை வாங்கினேன். அதை மடக்க முடியாது என்பது பஸ்ஸில் ஏறும்போதுதான் நினைவுக்கு வந்தது. தோல் செருப்பு ஜீவஹிம்சை என்று மரமிதியடிக்கு மாறினேன். கச்சேரியின் மாடிப்படியில் அது போட்ட சத்தத்தில், நான் எத்தனை நிமிஷம் தாமதமாக வருகிறேன் என்பது மேலதிகாரிக்குத் தலை நிமிராமலே தெரிந்தது. ஒரு வாரத்தில் மிதியடி வீட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டது. கொள்கை மட்டும் என்னிடம் இருந்தது.

வீட்டில் நான் பேசினேன்; என் மனைவி நூற்றாள். நான் சாப்பாட்டுக்குப் பின் திண்டில் சாய்ந்து கைத்தொழிலின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் ராட்டையைச் சுற்றிக்கொண்டே "ம்" போடுவாள். கல்யாணத்துக்கு அவள் அப்பா திருநெல்வேலியிலிருந்து வாங்கிக் கொடுத்த கைத்தையல் மெஷின் ஒன்றும் இருந்தது. அதன் சக்கரத்தைச் சுற்றும் உத்தியோகம் எனக்கு. வேகமாகச் சுற்றினால் திட்டு, மெதுவாகச் சுற்றினால் நூல் அறுந்து போகும். இத்தனை வருஷத்தில் நான் முழுமையாகக் கற்றுக்கொண்ட ஒரே கைத்தொழில் அதுதான்.

அந்த ஐப்பசியில் ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் நூற்பும் தையலும் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. விண்ணப்பிப்பவர் தன் கையால் நூற்ற நூலில் நெய்த துணியைத் தானே வெட்டித் தைத்து எடுத்துவர வேண்டும். யாருக்காகத் தைத்ததோ அந்த ஆளும் அதைப் போட்டுக்கொண்டு கூடவே வர வேண்டும். உடம்பில் எப்படி உட்காருகிறது என்று பரீட்சிப்பார்களாம். அவள் எனக்கு ஒரு சட்டை தைப்பது என்று முடிவாயிற்று. பரீட்சைக்கு உடம்பைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூளையைக் கேட்டிருந்தால்தான் தயங்கியிருப்பேன்.

இந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை ஒரே ஒரு தடவை சொன்னாள். "தினமும் காலம்பற உங்களை வாசல்ல நின்னு அனுப்பறேன். ஒரு நாளாவது நானும் எங்கயாவது போகணும்." சொல்லிவிட்டு ராட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் பல மாதங்கள் நூற்றுச் சேர்த்த நூல் சிட்டங்களைச் சாலைக் கடைத்தெருவில் உள்ள கதர்க்கடையில் கொடுத்திருந்தோம். அவர்கள் பாலராமபுரத்தில் ஒரு தறிக்காரரிடம் நெய்வித்துத் தருவார்கள். துணி வந்துவிட்டது என்று சொல்லியனுப்பினார்கள். அந்த வாரமே என் அப்பாவின் திவசமும் வந்ததால், சாஸ்திரிகளுக்குக் கொடுக்க ஒரு வேஷ்டியையும் அதே கடையில் நான் வாங்கிவர வேண்டும். நல்ல கரை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் குழம்பும் என்று அவள் வாசல் வரை வந்து சொன்னாள்.

கடைக்காரர் சிவப்புக் கரை வேஷ்டியை எடுத்துப் போட்டார். நான் சாயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சீமைச் சாயமாக இருக்கலாமே என்றேன். இருக்கலாம் என்றார். கையால் நூற்று, கையால் நெய்து, கடைசியில் கரையில் அந்நியனைக் குடிவைப்பதா என்று தொடங்கி, கடையில் நின்றிருந்த மற்றவர்களுக்கும் சேர்த்து ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். சாயம் இல்லாத, கரையும் இல்லாத வேஷ்டி வேண்டும் என்று முடித்தேன்.

"இருக்கு சாமி," என்றார் அவர். "ஆரும் வாங்காத்ததுகொண்டு அடியிலே கெடக்கு."

அப்படியாக, வெள்ளை வெளேரென்று இரண்டு துணிகளோடு, ஓலைக்குடை நிமிர்ந்து நிற்க, வெற்றியோடு வீடு வந்தேன். அவள் இரண்டையும் விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இரண்டையும் நனைக்க வேண்டியிருந்தது. சட்டைத் துணி வெட்டுவதற்கு முன்பே சுருங்கித் தீர வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது குழந்தைச் சட்டையாகிவிடும். திவச வேஷ்டியோ புதுக் கஞ்சியோடு மடி ஆசாரத்துக்கு உதவாது. கிணற்றில் நனைத்து, பிறகு யார் கையும் படாமல் உலர வேண்டும். வெளியே துலாவர்ஷ மழை கொட்டிக்கொண்டிருந்ததால் இரண்டும் கூடத்தில் உத்தரத்துக்குக் கீழே தொங்கும் மூங்கில் கொடிக்குப் போயின. அந்த உயரத்தில் போடவும் எடுக்கவும் ஒரு நீளக் கோல் உண்டு. வலது பக்கம் இருப்பது சட்டைக்கு, இடது பக்கம் திவசத்துக்கு என்று அவள் சமையலறை வாசலில் நின்று கைகாட்டினாள். மனதில் பதித்துக்கொண்டேன்.

திவசத்தன்று காலையில் ஸ்நானம் செய்துவிட்டு ஈரத்தோடு கொல்லைப்புறமாக வந்தேன். சமையலறைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு வலது இடதாகும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளும் என் அம்மாவும் மடியோடு சமையலறைக்குள் புகையில் இருந்தார்கள். நான் என் இடது பக்கத் துணியைக் கோலால் லாவகமாக எடுத்து சாஸ்திரிகளிடம் நீட்டினேன்.

திவசத்துக்கு உட்கார இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கதர் வேண்டவே வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிட்ட புத்திசாலி. அவருக்கு இந்தக் கதையில் வேலையில்லை. மற்றவர் எங்கள் தெருக்கோடி சாஸ்திரிகள். ஆகிருதியான மனிதர், அவர் நடந்து வந்தால் எதிரே வருபவர்கள் ஓரமாக நின்றுகொள்வார்கள். துணியைச் சுற்றிக் கட்டினார். அது முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"என்னடா இது, கதர்னா பாதி வேஷ்டியோ?"

எளிமை, மாமா என்றேன். தேசத்தில் பெரியவர்களே முழங்காலோடு நிற்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் ஒருதரம் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். துணி அங்கங்கே முடிச்சும் கட்டியுமாக இருப்பது எனக்கும் தெரிந்தது. கைத்தொழிலின் அழகே அதுதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, எள்ளும் தண்ணீரும் விட்டுத் தானம் செய்தேன். அவர் சாப்பிட்டு, ஆசீர்வதித்து, அதே எளிமையோடு மழையில் இறங்கிப் போனார்.

சாப்பாடெல்லாம் ஆன பிறகு அவள் பாயை விரித்து, கத்திரிக்கோலையும் சாக்கட்டியையும் வைத்துக்கொண்டு, கொடியில் மிச்சமிருந்த துணியை எடுத்தாள். விரல்களுக்கு நடுவே ஒருமுறை இழுத்தாள்.

"இது என்னோடது இல்லை."

நான் என் பக்கத்து வலது, அவள் பக்கத்து வலது என்று கையைத் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்திரிக்கோலை மூடிப் பாய்மேல் வைத்தாள். பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. இன்னொரு முறை நூற்று நெய்விக்க மாதங்கள் வேண்டும். நான் ஒரு யோசனை சொன்னேன்: இதுவும் கதர், இதுவும் வெள்ளை, இதையே வெட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது?

"எனக்குத் தெரியுமே," என்றாள். "குழந்தைகள் முன்னால உக்காந்து நூற்கச் சொல்லிக் குடுக்கறச்சே கை கூசாதோ?"

கைத்தொழிலின் பெருமை பற்றி அவ்வளவு நாள் பேசியவன் நான் என்பது அந்தச் சமயத்தில் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

வேஷ்டியை எடுத்துக்கொண்டு சாஸ்திரிகள் வீட்டுக்குப் போனேன். அவளும் கூடவே வந்தாள். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பொடி போட்டுக்கொண்டிருந்தார். துணியைத் துவைத்து உள்ளே உலர்த்தியிருந்தார். நான் நடந்ததைச் சொல்லி, இந்த முழு வேஷ்டியை வைத்துக்கொண்டு அதைத் தந்துவிடும்படி கேட்டேன். அவருக்கு அந்தத் துணிமேல் ஆசை ஒன்றும் இல்லை. ஆனாலும் முடியாது என்று தலையை அசைத்தார்.

"எள்ளும் தண்ணியும் விட்டாச்சுடா. உங்கப்பா இப்போ அங்க அதைத்தான் கட்டிண்டு நிக்கறார். உருவிண்டு போகப் போறயோ?"

நான் அப்பாவை நினைத்துப் பார்த்தேன். உயிரோடு இருந்தபோதே என் கொள்கைகளால் அவருக்குப் பெரிய சுகம் எதுவும் கிடைத்ததில்லை. முழங்காலோடு நிற்க வைத்தது போதாதென்று இதுவும் வேண்டாம் என்று, கொண்டுவந்த வேஷ்டியைத் திரும்ப மடித்தேன்.

அவள் தூணுக்குப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "துணி உங்களோடதாவே இருக்கட்டும் மாமா. தையல் மட்டும் என்னோடது. உங்களுக்கே சட்டையாத் தெச்சுத் தரேன். ஒரு நாள் எங்களோட பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தாப் போறும்."

"நான் சட்டை போட்டா கரமனையாறு திரும்பின்னா ஓடும்," என்றார் அவர்.

பிறந்ததிலிருந்து அவர் தோளில் தைத்த துணி ஏறியதில்லை. வைதிகருக்கு அது வழக்கமும் இல்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நான் எழுந்தேன். சாஸ்திரிகள் ஊஞ்சலை நிறுத்தினார். சமையலறைப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"பை வெப்பியோ?"

வைக்கிறேன் என்றாள்.

"பொடி டப்பா வெக்கற மாதிரி. இடுப்புல செருகிண்டு செருகிண்டு, சம்மணம் கூட்டறப்போ எல்லாம் குத்தறது. கண்ணாடிக்கு வேறயா ஒண்ணு வெக்க முடியுமோ?"

இரண்டு வைக்கிறேன் என்றாள். தானம் வாங்கின துணி தன்னுடையது, தன் துணியைத் தான் வெட்டச் சொன்னால் சாஸ்திரத்துக்கு வழக்கில்லை என்று அவர் தாமே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அளவெடுப்பது என் பொறுப்பாயிற்று. நூல் கயிற்றை அவர் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்தேன். அவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு என் பிராயத்துக்கு வந்துவிட்டார். அந்த அளவை நான் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கயிற்றைப் பார்த்துவிட்டு, மாமா மூச்சு விடும்போது ஒரு அளவு வேண்டும் என்று திருப்பி அனுப்பினாள். எனக்கென்று நெய்த துணியில் அவரை அடக்குவது லேசில்லை. கழுத்துப்பட்டி போயிற்று, கை முழங்கைக்கு மேலேயே நின்றது, ஓரத்துண்டுகளெல்லாம் பையாயின. நான் மூன்று நாள் சக்கரம் சுற்றினேன். அம்மா நடுவில் வந்து பார்த்துவிட்டு, இவள் வேலைக்குப் போனால் மெஷினுக்குத்தான் முதலில் நிம்மதி என்று சொல்லிப் போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பரீட்சை நாளில் குதிரைவண்டி பிடித்தோம். சாஸ்திரிகள் சட்டைக்கு மேல் மேல்வேஷ்டியை இறுகப் போர்த்து, ஜுரக்காரர் மாதிரி வண்டிக்குள் ஒடுங்கிக்கொண்டார். அக்ரஹாரம் தாண்டியதும் போர்வையைக் கொஞ்சம் விலக்கினார். தம்பானூர் வருவதற்குள் முழுவதும் எடுத்து மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். பையில் கைவிட்டு டப்பாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பொடி போடவில்லை.

பரீட்சிக்க வந்த அம்மாள் வெள்ளையும் வெள்ளையுமாக, சிரிக்காத முகத்தோடு இருந்தாள். மற்றப் பெண்கள் அழைத்து வந்தவர்கள் எல்லாம் மெலிந்த தம்பிகளும் குழந்தைகளும். அந்த வரிசையின் கடைசியில் எங்கள் சாஸ்திரிகள் கோபுரம் மாதிரி நின்றார். அம்மாள் சுற்றி வந்தாள். "கை பொக்கூ," என்றாள். சாஸ்திரிகள் சரணாகதி செய்பவர் போல இரண்டு கையையும் தூக்கினார். சட்டை ஏறவில்லை, எங்கும் பிடிக்கவில்லை. தையலை உள்பக்கம் திருப்பி நகத்தால் இழுத்துப் பார்த்தாள். முதுகில் நூல் முரடாகவும் மார்பில் மெல்லிசாகவும் இருப்பது ஏன் என்று மலையாளத்தில் கேட்டாள். ஆரம்பத்தில் நூற்றது முரடு, அது உழைக்கிற இடத்துக்கு. பழகிய பிறகு நூற்றது முன்னால் தெரிகிற இடத்துக்கு என்று என் மனைவி அதே மலையாளத்தில் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும் வரை நான் ஓலைக்குடையைத் தூக்கிப் பிடித்தபடி வரிசைக்குப் பின்னால் நின்றேன்.

அம்மாள் சாஸ்திரிகளைக் காட்டி, பர்த்தாவோ என்று கேட்டாள். சாஸ்திரிகள் "சிவ சிவ" என்று காதைப் பொத்திக்கொண்டார். என் மனைவி குடையின் பக்கம் கைகாட்டினாள். அம்மாள் என்னையும், என் மேல் கசங்கிக் கிடந்த கதரையும் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ இவருக்கு ஒந்நும் தைச்சில்லே?"

"இவர் தையல் மெஷின் சக்கரம் திரிக்கும்," என்றாள் என் மனைவி.

அந்த முகம் அப்போதுதான் சிரித்தது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் நான் வாசலில் நின்று அவளை அனுப்பினேன். திருப்பத்தில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் கச்சேரிக்கு நேரமாகியிருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

சாஸ்திரிகளை அந்தச் சட்டையோடு தெருவில் யாரும் பார்த்ததில்லை. வெளியூர்ப் பிரயாணம் என்றால் மட்டும் வண்டி தெருவைத் தாண்டினதும் போட்டுக்கொள்கிறார் என்று வண்டிக்காரன் சொன்னான். அடுத்த வருஷ திவசத்துக்கு அவர் வழக்கம்போல வெற்று மார்போடு, இடுப்பில் டப்பாவோடு வந்தார். நான் இந்தத் தடவை சமையலறை வாசலில் போய் நின்று, வலதையும் இடதையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, கோலைத் தூக்கினேன்.

"அவசரப்படாதேடா," என்றார் அவர், கொடியை நிமிர்ந்து பார்த்தபடி. "தப்பா எடுத்தாலும் பாதகம் இல்லை. போன வருஷம் தெச்சது கிழிய ஆரம்பிச்சுடுத்து."

கொடியில் திவச வேஷ்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளைத் துணி உலர்ந்துகொண்டிருந்தது. முதல்நாள் அதை அங்கே போட்டவள் என் மனைவி. எனக்கு ஒரு சட்டைக்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன். சமையலறைப் புகைக்குள்ளிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.