நான் வராத அன்று நடந்த பள்ளி

அறுபதுகளின் கடைசி. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஏரிப் பக்கம் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு மீனவர் குப்பம். அங்கே ஒரு கூரைக் கொட்டகை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். அந்த மகாராஜன் நான்தான்.

"நான் ஒரு நாள் போகலைன்னா அந்தப் பள்ளிக்கூடமே குட்டிச்சுவராயிடும்" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன். செய்த வேலை என்னவோ கொஞ்சம்தான். பதினோரு மணிக்கு எல்லாருக்கும் கணக்கைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவேன். அதற்குப் பெயர் யோசனை. வெளியாள் தலை தெரிந்தால் ஜன்னலோர இரண்டாம் வகுப்பு கோரஸாக இரும வேண்டும். நானும் விழித்து, பிரம்பால் மேசையைத் தட்டி வாய்ப்பாடு கேட்பேன். தாமதமாக வரும் பிள்ளைகளை மட்டும் வாசலில் நிறுத்திவிடுவேன். ஒழுக்கம் முக்கியமில்லையா!

அந்த மாதம் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுதினால்தான் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கும்மிடிப்பூண்டியில் டீ குடிக்க இறங்கியவன் அந்த மாதம் பார்த்தா ஒரு நாள் ரயிலைக் கோட்டை விட வேண்டும்? அடுத்த வண்டி பிடித்து, வேர்க்க விறுவிறுக்க ஓடினேன். கொட்டகையை நெருங்கும்போதே ஒரே இருமல்.

உள்ளே என் நாற்காலியில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சாய்ந்து கண்மூடியிருந்தாள். இருமல் கேட்டதும் துள்ளி எழுந்து பிரம்பால் மேசையைத் தட்டினாள். "இன்னா சத்தம்? ஏழேழு எவ்ளோ?" என்றவள் வாசலில் ஆள் நிழலைப் பார்த்து, "லேட்டா? வெளியவே நில்லு!" என்றாள். பிறகுதான் அது நான் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில், பிள்ளைகளோடு பிள்ளையாக இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். என் உயிரே போய்விட்டது.

"இன்னாம்மா, தூங்கிட்டியா?" என்றார் அவளிடம்.

"தூங்கல சார், யோசிச்சேன். எங்க சார் தெனம் இப்படித்தான் யோசிப்பாரு. வாய்ப்பாடு, எழுத்து எல்லாம் முடிச்சிட்டுத்தான் யோசிச்சேன்."

என் மானம் கப்பலேறியது. உள்ளே வரக் காலெடுத்தேன். "நில்லுங்க வாத்தியாரே, டீச்சர் சொல்லிட்டாங்கல்ல" என்றார். நின்றேன்.

அவர் நிதானமாக எழுதி முடித்து, வெளியே வந்து தாளை என்னிடம் நீட்டினார். 'வாத்தியார் இல்லாமலே பள்ளி ஒழுங்காக நடக்கிறது. வேலையை நிரந்தரமாக்கலாம்.' எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வரட்டுமா?" என்றார். பதறிப்போய்க் கைகூப்பினேன்.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. உள்ளே இருந்த அந்தப் பெண், "போய்ட்டு வாங்க சார்" என்றாள்.