மாங்கொட்டை என்று நினைத்தோம்

எங்கள் வீட்டு நோய் ஒரு பசுவின் கடைவாயில் தொடங்கியது. 1991 ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை மாலை. பால் சங்கத்தில் வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது பக்கத்துக் கொட்டகையில் செவலைப் பசு தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் கயிறு போல் தொங்கியது. தொட்டியில் ஊற்றிய கழுநீர் அப்படியே இருந்தது.

பசு என் ஓரகத்தி பச்சையம்மாளுடையது. என் கணவரின் அண்ணன் மனைவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே நடந்தால் வரும் சிற்றூர் எங்களுடையது. பால் சங்கத்தில் எழுத்தர் வேலை என்னுடையது. காலையும் மாலையும் பால் அளந்து, பரிசோதித்து, குறித்துக்கொள்வேன். யார் வீட்டு மாடு எப்போது சினை, எப்போது வற்றும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த ஒரு மாட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது மட்டும் தெரியவில்லை.

“மாங்கொட்டை மாட்டிக்கிச்சு. நேத்து கழனித் தண்ணில தோலு, கொட்டை எல்லாம் கொட்டினேன். நான் கைய வுட்டுப் பார்த்தேன், எட்டல” என்றாள் பச்சையம்மாள்.

மாம்பழக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இது நடப்பதுதான். எச்சில் ஒழுகினால், விழுங்க முடியாமல் திணறினால், கொட்டை சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிட்டு எடுப்பார்கள். நானும் அதையே நினைத்தேன். “ரேவதி கை மெலிசு, அவள வுட்டுப் பாக்கலாம்” என்று சொன்னது நான்தான். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பல முறை யோசித்தேன். விட்டுவிட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை.

ரேவதி என் மகள். ஏழாம் வகுப்பு. நான் பசுவின் தாடையைப் பிடித்துக்கொள்ள, அவள் முழங்கை வரை கையை விட்டாள். “ஒண்ணும் இல்லம்மா, வழுவழுன்னு கீது” என்றாள். கையை இழுக்கும்போது கடைவாய்ப் பல் மணிக்கட்டில் உரசி, இரண்டு கோடுகளாக இரத்தம் கசிந்தது. தொட்டித் தண்ணீரிலேயே கையைக் கழுவிவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் வந்தார். பசுவை நெருங்காமல் கொட்டகை வாசலிலேயே நின்றார். பசு அடித்தொண்டையில், உடைந்த குரலில் கத்திக்கொண்டே இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, “யாராவது வாயில கை வச்சீங்களா?”

இரண்டாவது கேள்வி, “நாய் ஏதாவது கடிச்சுதா?”

“இல்லை” என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பச்சையம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஒரு மாசம் ஆவுது. ஏரிக்கரையில ஒரு நாய் மூஞ்சில கவ்விச்சு. சுண்ணாம்பு வச்சு, மந்திரிச்சேன். புண்ணு ஆறிப்போச்சு” என்றாள்.

புண் ஆறுவதற்கும் நோய் ஆறுவதற்கும் சம்பந்தமில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். இது ரேபிஸ் (வெறிபிடித்த விலங்கின் எச்சில் வழியாகப் பரவி மூளையைத் தாக்கும் நோய்). கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு நடந்து போகிறது. அது போய்ச் சேரும்வரை மாடு நன்றாகத்தான் தின்னும், பால் கொடுக்கும். பிறகு தொண்டைத் தசைகள் முடங்கி, எதையோ விழுங்கி மாட்டிக்கொண்டது போல் நிற்கும். “கடிச்ச அன்னிக்கே சோப்பு போட்டுக் கழுவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தா மாட்டுக்கும் ஊசி இருக்குதும்மா” என்றார் மருத்துவர்.

பசு வியாழக்கிழமை செத்தது. அதற்கு முன்பே, செவ்வாய் மதியம், நான், ரேவதி, பச்சையம்மாள் மூவரும் பேருந்தில் இருந்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நாய்க்கடிப் பதிவேடு வைத்திருந்தவருக்கு எங்கள் கதை புரியவில்லை.

“இன்னா நாயி? வளர்ப்பா, தெருவா?”

“நாய் இல்லீங்க, பசு.”

“பசு கடிச்சுதா?”

“கடிக்கல. வாய்க்குள்ள கைய வுட்டோம். பல்லு பட்டுடுச்சு.”

பேனாவைக் கீழே வைத்தார். “ஏம்மா, பசு வாய்க்குள்ள உனுக்கு இன்னா வேலை?”

அரை மணி நேரம் வாதாடினேன். கால்நடை மருத்துவர் கொடுத்த சீட்டைக் காட்டினேன். அது மாட்டு டாக்டர் சீட்டு, மனுஷ ஆஸ்பத்திரியில் செல்லாது என்றார். கடைசியில் அவரே இரங்கி, “நிறம் சொல்லு” என்றார். “செவலை” என்றேன். கடித்த நாயின் நிறம் என்ற கட்டத்தில் செவலை என்று எழுதினார். அந்தப் பதிவேட்டில் பச்சையம்மாளின் பசு இன்றுவரை நாயாகத்தான் இருக்கிறது.

மருத்துவர் அம்மா சின்ன வயதுக்காரர். முதலில் ரேவதியைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வைத்தார். “இதை நேத்தே செஞ்சிருக்கணும்” என்றார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், “இந்த நோய் வந்துட்டா எங்ககிட்ட மருந்து கிடையாது. வராம தடுக்கத்தான் மருந்து இருக்கு. பதினாலு நாள். ஒரு நாள்கூட விடக் கூடாது” என்றார்.

தொப்புளைச் சுற்றி ஒவ்வொரு நாளும் ஓர் ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்யப்படும் தடுப்பு மருந்து அது. நான்காம் நாளில் ரேவதியின் வயிறு தடித்துச் சிவந்தது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட முடியாமல், மேலே அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மிக அபூர்வமாக இந்த மருந்தே நரம்பைப் பாதித்து, கால் மரத்துப்போகக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் தினமும் காலையில் அவளை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வேன். “கொக்கு பரீட்சை முடிஞ்சுதா?” என்பாள். எட்டாம் நாள் பேருந்தை விட்டு இறங்கும்போது, “கால் மரத்துப்போச்சும்மா” என்றாள். அங்கேயே குனிந்து அவள் பாதத்தைத் தேய்த்தேன். “ஒண்ணுமில்ல, பெரியம்மா என் மேலயே சாஞ்சு தூங்கினாங்க” என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே சிரித்தாள். எனக்கு அன்று முழுவதும் சிரிப்பு வரவில்லை.

இந்த நாட்களில் ஊருக்கு இருந்த ஒரே கவலை பால். அந்தப் பாலைக் குடித்தோமே என்று வாசலில் வந்து நின்றார்கள். காய்ச்சிய பாலால் பயமில்லை, பச்சைப் பால் குடித்தவர்கள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கால்நடை மருத்துவர் சொன்னதை ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நாயைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டேன். மாடு வரைக்கும்தான் என் வேலை என்றார் கால்நடை மருத்துவர். மனிதனைக் கடித்தால்தான் எங்களுக்குத் தகவல் வரும் என்றார் சுகாதார ஆய்வாளர். நாய் பிடிக்கிற ஆள் மேலிடத்திலிருந்து வரவேண்டும் என்றது பஞ்சாயத்து. நாய் இவர்கள் மூவருக்கும் நடுவே ஏரிக்கரையில் சுற்றி, இன்னும் எதையெல்லாம் கடித்ததோ, அதற்குள் யாரும் பார்க்காமல் எங்கோ செத்தும் போயிருக்கும்.

பச்சையம்மாளும் பசுவின் வாய்க்குள் கையை விட்டவள்தான். அவளுக்கும் பதினாலு ஊசி. முதல் ஐந்து நாள் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனோம், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாம் நாள் அவள்தான் ஆரம்பித்தாள்.

“எத்தினி நாளிக்கு மூஞ்சத் தூக்கி வச்சிகினு வருவ?”

“நாய் கடிச்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்ல இன்னா கேடு உனக்கு? நடுவுல ஒரு சுவருதான கீது?”

“சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப?”

அவளே பதிலும் சொன்னாள்.

“பேரை அடிச்சிருப்ப. பால வாணாம்னிருப்ப. போர்டுல எழுதி வச்சது யாரு? உன் கையெழுத்துதான? தெனம் ரெண்டு வேளை அதப் படிச்சிகினுதான் பால் ஊத்திட்டு வரேன்.”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சங்க வாசலில் இருக்கும் அந்தப் பலகையில் என்ன இருக்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ‘நாய் கடித்த மாட்டின் பால் வாங்கப்படாது. அந்த உறுப்பினரின் பெயர் நீக்கப்படும்.’ நான்தான் எழுதினேன். நல்ல எண்ணத்தில், சுண்ணாம்பு வெள்ளையில், எழுத்து கோணாமல். பாலைக் காப்பாற்றுவதாக நினைத்து, கடித்ததை வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே இடத்தை அடைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி மறைத்தது நாயை நினைத்துப் பயந்து அல்ல, என்னை நினைத்து.

அவள் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது என்று சொன்னால் பொய். மகளைக் கையை விட்டுப் பார்க்கச் சொன்னபோது அவள் வாயைத் திறந்திருக்கலாம். “சத்தியமா கொட்டைன்னுதான் நெனச்சேன்டி, நானே கைய வுட்டேனே” என்றாள். நடுவில் உட்கார்ந்திருந்த ரேவதி, “ரெண்டு பேரும் எறங்கி சண்ட போடுங்க, எனக்கு வயிறு வலிக்குது” என்றாள்.

ஊசிகள் முடிந்த வாரம் சங்கத் தலைவரிடம் போனேன்.

“அப்ப அந்தப் பாலை வாங்கலாம்ன்றியா?”

“வாங்க வேணாம். பேரை அடிக்க வேணாம். கடிச்ச அன்னிக்கே வந்து சொன்னா மாட்டு டாக்டரைச் சங்கமே கூப்பிடணும். மாடு தேறினதும் அவங்க எடத்துல அவங்க பால் ஊத்தணும்.”

“உன் வூட்டுல நடந்ததுன்றதால பேசற.”

“ஆமா” என்றேன். வேறென்ன சொல்வது. மூன்று முறை அவர் வீட்டுக்கு நடையாய் நடந்த பிறகு சரி என்றார். பலகையை நானே அழித்து எழுதினேன்.

ஐப்பசியில் ஒருவர் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நேராகச் சங்கத்துக்கு வந்தார். கடிவாயில் இரத்தம் காயவில்லை. வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள். நான் பால் அளப்பதை நிறுத்திவிட்டு சோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தக் கன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்னொருவர் ஆடு கடிபட்டதை மறைத்துச் சந்தையில் விற்றுவிட்டார் என்று மறுவாரமே கேள்விப்பட்டேன். ஒரு பலகையால் முடிவது அவ்வளவுதான் போலிருக்கிறது.

இதைப் படிக்கும் நீங்கள் இப்போது அந்தப் பதினாலு நாளுக்குள் இருந்தால், நாள் தவறாமல் போங்கள். பதிவேட்டில் என்ன நிறம் எழுதினாலும் எழுதட்டும், ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டின் வாயில் எச்சில் ஒழுகினால் கையை விடாதீர்கள். உங்கள் பிள்ளையை நிச்சயமாக விடச் சொல்லாதீர்கள்.

இது மார்கழி. கிருமி பதுங்கியிருக்கும் காலம் (கடித்த நாளிலிருந்து அறிகுறி தோன்றும்வரை உள்ள இடைவெளி) பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும், இனிப் பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பச்சையம்மாள் வேறொரு மாடு வாங்கிவிட்டாள். ரேவதியின் மணிக்கட்டில் இருந்த இரண்டு கோடுகளும் மறைந்துவிட்டன. எந்தக் கை என்று சில சமயம் எனக்கே சந்தேகம் வருகிறது.

ஆனால் எனக்கு நாள் என்பது இப்போது காலை, மாலை என்று ஓடுவதில்லை. இந்த நோய் முதலில் தண்ணீரை விழுங்க விடாது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதிலிருந்து, அவள் செம்பைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் என் கண் தானாக அவள் தொண்டைக்குப் போகிறது. அவள் விழுங்கிய பிறகுதான் நானும் விழுங்குகிறேன். மறைவாகத்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். நேற்று பள்ளியிலிருந்து வந்தவள், பானைத் தண்ணீரை மொண்டு, என் எதிரே வந்து நின்று, ஒரே மூச்சில் குடித்தாள். செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“பாத்துட்டியா? போய் பால அள, மணி ஆச்சு.”